2,4-டி களைக்கொல்லி அடிச்ச நெல்லுல இலை குழாயா சுருளுது, ஈயா மருந்தா?

திருவாடானை பக்கம்:
அண்ணன்மாருக்கு வணக்கம். புழுதில வெதச்ச நெல்லு, 105 நாள் ரகம். மழை லேட்டாத்தான் விழுந்துச்சு, மொளச்சதும் கோரையும் ஆரைக்கீரையும் பயிருக்கு மேல நின்னுச்சு, வெதச்சு 25 நாள் ஆயிருச்சுல்ல அடிக்கலாம்னு கடையில 2,4-டி சோடியம் உப்பு குடுத்தாங்க, சித்தப்பா அடிச்சுட்டாரு, அப்ப பயிர்ல மூணு இலைதான். ரெண்டு வாரமாச்சு, புது இலை விரியாம வெங்காயத்தாள் மாதிரி உருண்டு வருது. பக்கத்து வயக்காரர் ஆனைக்கொம்பன் ஈங்கறார். வெளைச்சல் போயிருமா? மிச்சக் கோரைக்கு இன்னொரு தடவ அடிக்கலாமா?

ஆர்.எஸ்.மங்கலம்:
ஈயாத்தான் இருக்கும் தம்பி, மப்பும் மந்தாரமுமா கெடக்குல்ல. குருணை மருந்து போடுங்க.

தேவிபட்டினம்:
குருணைக்கு ஓடாதீங்க. குழாயான தூர அடியோட புடுங்கி பிளேடால நெட்டுக்கக் கீறுங்க. ஈன்னா அடியில புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும், குழாய் வெள்ளியாட்டம் வெளுத்திருக்கும், ஒரு தூரு கெட்டு பக்கத்துத் தூரு நல்லா நிக்கும். மருந்துன்னா உள்ள காலி, பச்சக் குழாய், அடிச்ச எடம் பூரா ஒண்ணுபோல, ரெண்டு தடவ பட்ட எடத்துல கூடுதலா.

திருவாடானை பக்கம்:
நாலஞ்சு தூரு கீறிட்டேண்ணே, ஒண்ணுமில்ல. கரண்டு மரத்துக்கிட்ட மருந்து தீந்துபோய் விட்ட துண்டுல பயிர் பளிச்சுன்னு நிக்குது.

தேவிபட்டினம்:
அப்ப மருந்தேதான். 20-25 நாள்ங்கறது நடவுக்கும் சேத்துல வெதச்சதுக்கும் சரி. நம்ம பக்கம் வெத புழுதில சும்மா கெடக்கும், மழை விழுந்து மொளச்ச நாள்லருந்துதான் எண்ணணும், உங்களுக்கு கடைக்காரர் எண்ணுன கணக்கே தப்பு. நாலஞ்சு இலை வந்து தூரு கட்ட ஆரம்பிச்சாத்தான் நெல்லு 2,4-டிய தாங்கும். புதுத்தூர்ல இலை நேரா விரிஞ்சா பயப்படாதீங்க, பெரும்பாலும் தேறிரும். ஈரம் இருக்கப்ப மேலுரம் குடுங்க.

மறுபடி மட்டும் அடிச்சுராதீங்க. அடிபட்ட பயிரு, அதோட 105 நாள் ரகத்துல மொளச்ச 45ஆம் நாள் வாக்குல தண்டுக்குள்ள கதிர் உருவாகத் தொடங்கிரும், அந்நேரம் 2,4-டி பட்டா கதிர் கோணும், பதர் கூடும், இந்தச் சுருளல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. கோரைய ஆள் விட்டுப் பறிங்க. அடுத்த வருசம் மொத நல்ல மழை விழுந்த உடனே, களை மொளைக்கிறதுக்கு முன்ன, பெண்டிமெத்தலின் 30 சதவீதம் களைக்கொல்லி ஏக்கருக்கு 1.3 லிட்டர் ஈரத்துல அடிங்க.

சாயல்குடி:
பக்கத்துல மொளகா, பருத்தி இருந்தா காத்து நேரத்துல 2,4-டி அடிச்சுராதீங்க, அந்த இலையும் சுருண்டுரும், அப்புறம் வரப்புல பஞ்சாயத்துதான்.

திருவாடானை பக்கம்:
கோரைக்கு நாளைக்கு ஆள் சொல்லியாச்சு. சித்தப்பா இன்னும் ஈதான்னு நிக்கிறாரு, அவரையே ஒரு தூரு கீறச் சொல்லிருக்கேன்.