உதவி: இணைப்பு வடிகட்டியின் தானியங்கிச் சோதனை, ஜேஎஸ் கோப்பு மட்டும் தப்பி வருகிறது

மண்டபம்_அலுவலகம்:
அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நண்டும் இறாலும் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கினால் அஞ்சல்கள் குவிந்துவிடும் என்பதால், கொள்முதல் செய்பவரின் தணிக்கையாளர் கேட்டபடி, மின்னஞ்சலோடு இணைந்து வரும் கோப்புகளைச் சோதித்துத் தடுக்கும் இணைப்பு வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இரவுதோறும் தானாகச் சோதித்து அறிக்கை தரும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருக்கிறேன். ஐகார் என்ற தீங்கற்ற வைரஸ் சோதனைக் கோப்பு தடுக்கப்படுகிறது. ஜிப்புக்குள் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) கோப்பை வைத்து அனுப்பினால் அப்படியே சோதனைப் பெட்டிக்கு வந்துவிடுகிறது. தடைப் பட்டியலில் ஜேஎஸ் இருக்கிறது. சேவையை மறுதொடக்கமும் செய்துவிட்டேன். அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி_நெட்:
எந்த அஞ்சல் சேவையகம், எந்த வடிகட்டி, சோதனை அஞ்சல் எந்தக் கணினியிலிருந்து புறப்படுகிறது என்று எதையுமே சொல்லவில்லையே. இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

ராம்நாட்_சர்வர்:
எனக்குத் தெரிந்து இது, வைரஸை அடையாளம் காட்டும் கையொப்பங்களைப் புதுப்பிக்கும் ஃப்ரெஷ்கிளாம் நிரலின் கோளாறாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் மின்சாரம் போய்வந்த பிறகு அது பல நேரம் எழுந்திருப்பதே இல்லை. வைரஸ் கையொப்பங்கள் எந்தத் தேதியோடு நிற்கின்றன என்று முதலில் பாருங்கள்.

பழைய_போஸ்ட்மாஸ்டர்:
எதைக் கேட்டாலும் ஃப்ரெஷ்கிளாம் என்று சொல்வதை எப்போதுதான் நிறுத்துவீர்களோ. ஐகார் என்பது எல்லா வைரஸ் தடுப்பானும் அறிந்த 68 பைட் கோப்பு. அது பிடிபடுகிறது என்றால் வைரஸ் சோதனை உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் நிரூபணமாகாது. கோப்பு வகையைப் பார்த்துத் தடுப்பது வேறொரு சோதனை. அதற்கும் கையொப்பத்திற்கும் தொடர்பே இல்லை. ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் ஆவணத்தைப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது, தம்பி.

மண்டபம்_அலுவலகம்:
இயங்குதளம் உபுண்டு, அஞ்சல் சேவையகம் போஸ்ட்ஃபிக்ஸ், வடிகட்டி அமாவிஸ், வைரஸ் தடுப்பான் கிளாம்ஏவி. ஸ்வாக்ஸ் என்ற சோதனை அஞ்சல் கருவி கொண்டு அனுப்புகிறேன்.

தொண்டி_நெட்:
எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பதை இன்னும் சொல்லவில்லை. அதே சேவையகத்திலிருந்தா?

பாம்பன்_கரை:
வெளியிலிருந்து ஒரு ஜிமெயில் கணக்கு மூலம் அதே ஜிப்பை அனுப்பிப் பாருங்கள்; விடை உடனே தெரிந்துவிடும்.

கீழக்கரை_ஐடி:
ஜிமெயில் 2017 பிப்ரவரி முதல் ஜேஎஸ் கோப்பை அனுப்பவே விடுவதில்லை. ஜிப்புக்குள் வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்தச் சோதனையில் உங்கள் வடிகட்டிக்கு வேலையே வராது.

மண்டபம்_அலுவலகம்:
ஆம், அதே சேவையகத்தில் கிரான் (குறித்த நேரத்தில் தானாக இயக்கும் நிரல்) மூலம்தான் ஓடுகிறது.

தொண்டி_நெட்:
அப்படியானால் பெரும்பாலும் காரணம் இதுதான். அனுப்பும் முகவரி நம் வலையமைப்பைச் சேர்ந்தது என்றால் அமாவிஸ் அந்த அஞ்சலுக்கு மைநெட்ஸ் என்ற கொள்கைத் தொகுப்பைப் பொருத்துகிறது. ஊழியர்கள் எந்தக் கோப்பையும் தடையின்றி வெளியே அனுப்பட்டும் என்று யாராவது அந்தத் தொகுப்பில் பைபாஸ்_பேன்ட்_செக்ஸ்_மேப்ஸ் வரியைச் சேர்த்திருந்தால், கோப்பு வகைத் தடை மட்டும் விலகும், வைரஸ் சோதனை தொடரும். ஐகார் நின்று ஜேஎஸ் தப்புவது இதனோடு அச்சாகப் பொருந்துகிறது. சோதனைக்கென்று தனிக் கணினி ஒன்றை ஒதுக்கி, அதன் முகவரியை ஆச்சரியக்குறியிட்டு, நம் வலையமைப்பு முகவரிகளைக் கொண்ட மைநெட்வொர்க்ஸ் பட்டியலின் தொடக்கத்திலேயே விலக்குங்கள். பட்டியலில் முதலில் பொருந்துவதே செல்லும் என்பதால் கடைசியில் எழுதினால் பலன் இருக்காது. போஸ்ட்ஃபிக்ஸில் மட்டும் விலக்கினாலும் போதாது, அமாவிஸ் தன் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமாவிஸ் வரிசைக்குப் பிந்தைய வடிகட்டியாக இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் 250 என்ற ஏற்புக் குறியீட்டைத் தந்து ஏற்றுக்கொண்டுவிடும், தடுப்பது பிறகுதான் நடக்கும். எனவே ஸ்வாக்ஸ் தரும் விடையை வைத்துத் தேர்ச்சி, தோல்வி எழுதக் கூடாது. ஒவ்வொரு சோதனை அஞ்சலுக்கும் தனி மெசேஜ்-ஐடி கொடுத்து, அது பெட்டிக்கு வரவில்லை என்பதையும், பதிவேட்டில் அதே ஐடியோடு 'பிளாக்ட் பேன்ட்' (தடைசெய்த கோப்பு வகை, தடுக்கப்பட்டது) என்ற வரி விழுந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு வரவில்லை என்பது மட்டும் போதாது; அஞ்சல் வரிசையில் சிக்கிக் கிடந்தாலும் அது வராது.

பழைய_போஸ்ட்மாஸ்டர்:
சரியான பதில். பதிவேட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டுவின் இயல்பான அமைப்போ அஞ்சல் பதிவை வாரந்தோறும் சுழற்றி நான்கு வாரத்திற்குத்தான் வைத்திருக்கும். இதையும் உங்கள் ஸ்கிரிப்ட் பார்க்கட்டும்.

கீழக்கரை_ஐடி:
அப்படியே கடவுச்சொல் இட்ட கோப்புகள் அனைத்தையும் தடுத்துவிடுங்கள். திறந்து பார்க்க முடியாததை உள்ளே விடுவது வடிகட்டியே இல்லாததற்குச் சமம்.

ராம்நாட்_சர்வர்:
பாய், அது நடக்கிற காரியமா? வங்கிக் கணக்கு அறிக்கை கடவுச்சொல்லோடுதான் வருகிறது. வருமான வரித் துறையின் அறிவிப்பும் பான் எண்ணும் பிறந்த தேதியும் இட்டுத்தான் திறக்கிறது. இவற்றைத் தடுத்தால் அடுத்த நாளே கணக்காளர் உங்கள் மேசைக்கு வந்து நிற்பார்.

கீழக்கரை_ஐடி:
நிற்கட்டும். கணக்காளருக்கு வருவது போலவே வேடமிட்டுத்தானே தீங்கான கோப்பும் வருகிறது? கடவுச்சொல்லையும் அதே அஞ்சலிலேயே எழுதி அனுப்புகிறார்கள். மனிதர் திறந்துவிடுவார், வடிகட்டியால் முடியாது.

தொண்டி_நெட்:
இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். கிளாம்ஏவியில் பூட்டிய ஜிப்புக்கு ஓர் அமைப்பும் பூட்டிய பிடிஎஃப்புக்கு வேறோர் அமைப்பும் தனித்தனியே உள்ளன. ஜிப்பைத் தடுத்து, பிடிஎஃப்பை உள்ளே விடலாம். அல்லது சோதிக்க இயலாதவற்றின் தலைப்பில் அமாவிஸே குறியிட்டு அனுப்பும்படி வைக்கலாம்.

ராம்நாட்_சர்வர்:
தலைப்பில் உள்ள குறியை எங்கள் அலுவலகத்தில் யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

மண்டபம்_அலுவலகம்:
மைநெட்ஸில் அந்த வரி இருந்தது. எனக்கு முன்பு இருந்தவர் சேர்த்தது போலும். தனிக் கணினி ஒதுக்கி, இரண்டு பட்டியலிலும் விலக்கினேன். இப்போது பதிவேட்டில் பிளாக்ட் பேன்ட் விழுகிறது. தொண்டி அண்ணனுக்கு நன்றி.

கீழக்கரை_ஐடி:
மகிழ்ச்சி. பூட்டிய பிடிஎஃப் பற்றி என்ன முடிவு எடுத்தீர்கள்?

பாம்பன்_கரை:
அவர் போய்விட்டார் போலிருக்கிறது. பதிவேட்டை 180 நாள் ஆக்கினாரா என்று நானும் கேட்க நினைத்தேன்.