மிக்கு கச்சேரிக்குக் காசு கொடுத்துப் போவது கச்சேரிக்குப் போவதா, படம் பார்க்கப் போவதா?

தோக்கியோவாசி:
ஹாட்சுனே மிக்கு கச்சேரிக்குப் போய் வந்தேன் என்றதும் நண்பர்கள் "கார்ட்டூனுக்கா இவ்வளவு செலவு" என்று சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு: மிக்கு என்பது ஆள் இல்லை. சப்போரோவைச் சேர்ந்த கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட பாட்டு மென்பொருள், யமஹாவின் வோகலாய்டு நுட்பத்தில் ஓடுவது. மெட்டையும் சொற்களையும் கொடுத்தால் பாடும். அதன் அட்டைக்கு வரைந்த இரட்டைச் சடைப் பெண்தான் மேடையில் ஆடுகிறாள். தோக்கியோவுக்குப் பக்கத்தில் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் மேஜிக்கல் மிராய் என்ற மிக்கு கச்சேரி நடந்தது. அரங்கம் முழுக்க மிக்குவின் பச்சை நீல விளக்குக் குச்சிகள். அடுத்த பாட்டின் முதல் இரண்டு ஸ்வரம் கேட்டதுமே மொத்தக் கூட்டமும் மஞ்சளுக்கு மாறியது, வரப்போவது அதே நிறுவனத்தின் இன்னொரு பாட்டுக் கதாபாத்திரம், மஞ்சள் நிறத்துக்காரன் காகாமினே லென் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் முழித்தேன். பக்கத்தில் நின்ற ஐம்பது வயதுக்காரர் என் குச்சியைப் பார்த்து, நிறம் மாற பொத்தானை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று விரலால் காட்டினார்.

சுருதிபேதம்:
நீங்கள் எழுதியது முழுக்கக் கூட்டத்தைப் பற்றித்தான், பாடினவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, கவனித்தீர்களா? கச்சேரி என்றால் தொண்டை கட்டும், சங்கதி தவறும், பாடகர் சமாளிப்பார், அன்று மனசு நன்றாக இருந்தால் யாரும் நினைக்காத இடத்துக்குப் போய் வருவார். மிக்குவுக்கு நேற்றும் இன்றும் ஒன்றுதான்.

தோக்கியோவாசி:
வாசிப்பவர்கள் மனிதர்கள் சார். கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் மேடையிலேயே. பாட்டு எழுதுகிறவர்களும் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் ஏற்றினவர்கள். இன்று ஜப்பானில் பெரிய பாடகரான கென்ஷி யோனெசு, ஹாச்சி என்ற பெயரில் மிக்குவுக்கு எழுதித்தான் தொடங்கினார். குரலுக்கும் உடம்பு இருக்கிறது, சாக்கி ஃபுஜிட்டா என்ற குரல் நடிகை பதிவு செய்து கொடுத்தது.

சுருதிபேதம்:
மேடையில் இருப்பவர்கள் பதிவுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள். அவள் காத்திருக்க மாட்டாள், இவர்கள்தான் அவளைத் துரத்திப் பிடிக்க வேண்டும்.

குட்டிச்சாத்தான்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2024 வட அமெரிக்கச் சுற்றில் வழக்கமான ஒளி ஊடுருவும் திரைக்குப் பதிலாக எல்இடி திரை வைத்ததும் ரசிகர்கள் கொதித்தார்களே, ஏன்? எப்படியும் படம்தானே?

சுருதிபேதம்:
அதேதான்! ஏமாறத்தான் காசு கொடுக்கிறார்கள், சரியாக ஏமாற்றவில்லை என்று கோபம்.

தோக்கியோவாசி:
ஏமாற்று எங்கே வந்தது? அது ஹோலோகிராம் இல்லை, கண்ணாடி போன்ற திரையில் பின்னாலிருந்து வீசும் ஒளி என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதில் அவளைச் சுற்றி இருட்டு தெரியும், அதனால் மேடையில் ஓர் இடத்தில் நிற்கிறாள். எல்இடியில் அவள் பெரிய டிவிக்குள் இருக்கிறாள். பொம்மலாட்டத்தில் நூல் தெரிந்தால் யாரும் சண்டைக்குப் போவதில்லை, பொம்மைக்குப் பதில் பொம்மையின் போட்டோவை மாட்டினால் போவார்கள்.

சுருதிபேதம்:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். பொம்மலாட்டத்தில் நூல் பிடித்த கை அன்றிரவு அங்கே இருக்கிறது, கூட்டம் சிரித்தால் பொம்மை இன்னொரு தடவை தலையாட்டும். உங்கள் மிக்குவுக்கு அசைவு எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்தது. ஒரு மனிதர் இப்படி மாறினால் எனக்குப் பயம்தான். 2024ல் ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தபோது பாட்டையே என்னால் கேட்க முடியவில்லை.

குட்டிச்சாத்தான்:
ரகுமான் அந்தப் பாடகர்களின் குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தார். ஆனாலும் அதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். மிக்கு யாருடைய இடத்திலும் நிற்கவில்லை, செத்தவர் யாரையும் எழுப்பவில்லை. எனக்கு இதில் உறுத்தாததே அதனால்தான்.

சுருதிபேதம்:
ம்ம். அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். டிக்கெட் மட்டும் எடுக்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன், அந்த ஐம்பது வயதுக்காரர் எத்தனை முறை அழுத்தச் சொன்னார்?

தோக்கியோவாசி:
நான்கு. அவசரத்தில் ஐந்து அழுத்திவிட்டேன். மஞ்சள் கடலுக்கு நடுவே அந்தப் பாட்டு முடிகிற வரை நான் ஒருத்தன் மட்டும் இளஞ்சிவப்பு.