தியான் ஹொக் கெங்: கூரையைத் தாங்கும் நம்மூர்க்காரர்கள்

சிங்கப்பூர் போகிறவர்கள் சைனாடவுனில் மாரியம்மனைக் கும்பிட்டதோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து பத்து நிமிடம் போல நடந்தால் தெலுக் ஆயர் தெரு. அலுவலகக் கோபுரங்களுக்குக் கீழே ஓட்டுக்கூரையோடு உட்கார்ந்திருக்கிறது தியான் ஹொக் கெங். ஹொக்கியன் சீனர்கள், அதாவது சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து வந்தவர்கள், 1839 முதல் 1842 வரை கட்டிய தாவோயிசக் கோயில்.

முதலில் ஒன்று. இப்போது டாக்சி ஓடும் அந்தத் தெருதான் அப்போது கடற்கரை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்துவிட்டார்கள். அதற்கு முன் சீனாவிலிருந்து வந்தவர்கள் கப்பலை விட்டு இறங்கியதும், உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொன்னது இங்கேதான். உள்ளே இருக்கும் மாஜூ அவர்களின் கடல் தெய்வம். ஃபூஜியான் கரையோரம் மெய்ஜோ தீவில் பிறந்த ஒரு பெண்தான் தெய்வமானாள் என்பது நம்பிக்கை. 1840-இல் சிலையைச் சீனாவிலிருந்தே கப்பலில் கொண்டுவந்து ஊர்வலமாக எடுத்துவந்தார்கள். மாஜூவுக்குக் காவலாக இரண்டு பேர்: ஒருவருக்கு ஆயிரம் காதம் தெரியும் கண், இன்னொருவருக்குக் காற்றில் வருவதெல்லாம் கேட்கும் காது. புயலில் மாட்டிய கப்பலைக் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்?

வாசற்படி முழங்கால் உயரத்துக்குக் கிட்ட இருக்கும். மிதிக்காமல் தாண்ட வேண்டும். நான் தாண்டி நுழைந்தபோது சன்னிதி முன் ஒரு வயதான அம்மா முட்டி போட்டு, பிறை வடிவில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகளைத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. நாம் கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பதைப் போலத்தான். ஒன்று தட்டையாகவும் மற்றது வளைவாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் வளைவு மேலே என்றால் இல்லை. அவருக்கு இரண்டுமே தட்டைப் பக்கம் மேலே இருக்க விழுந்தன. “அப்படின்னா என்ன ஆண்ட்டி?” என்று கேட்டேன். “சாமி சிரிக்குது, நான் கேள்வியைச் சரியாக் கேக்கலை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மகள் வேலை விஷயத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டு மறுபடி போட்டார். இந்த முறை சம்மதம். எனக்கென்னவோ சாமியைவிட அவர்தான் கெட்டிக்காரர் என்று பட்டது.

அப்புறம் கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, மேலே பாருங்கள். மரத்தைக் காடி வெட்டி ஒன்றோடொன்று கோத்த வேலை, ஆணி அடிக்கவில்லை என்பார்கள். அந்த உத்தரங்களுக்கு நடுவே சின்னதாக இந்திய முகச்சாயலில் மரச்சிற்பங்கள், கூரையைத் தூக்கிப் பிடிப்பதுபோல. கோயில் கட்ட உதவிய சூலியாக்களுக்கு, அதாவது நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களுக்கு, மரியாதையாக வைத்தது என்று சொல்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். ஒரு சீனக் கோயில் கூரைக்கடியில் நம்மவரைத் தேடுவேன் என்று நினைக்கவில்லை.

கட்ட ஆன செலவு சுமார் 30,000 ஸ்பானிய டாலர். அதில் வணிகர் டான் டோக் செங் மட்டும் 3,074.76 கொடுத்தார். இன்று சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனைக்குப் பெயராக இருப்பவர் அவர்தான். 1907-இல் சீனப் பேரரசர் குவாங்ஷூ தென்கடல் அலைகள் அடங்கட்டும் என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதி அனுப்பினார். கோயிலில் தொங்குவது நகல். வெளியே இரும்பு வேலி கிளாஸ்கோவில் வார்த்தது. பின்கட்டில் பௌத்தர்களின் கருணைத் தெய்வம் குவான்யின் இருக்கிறாள், கன்ஃபூசியஸும் உண்டு. யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

வெளியே வந்து அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் நாகூர் தர்கா. சாகுல் ஹமீது ஆண்டவர் பெயரில் சூலியாக்கள் 1828 வாக்கில் கட்டத் தொடங்கியது. அவரும் கடலோடிகள் வேண்டிக்கொள்ளும் பெரியவர்தானே. கோயிலுக்கு மறுபக்கம் நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். ஒரே கரையில் இறங்கியவர்கள் அவரவர் வழியில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் ஒரே நடையில் பாருங்கள், தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும்.

போகிறவர்களுக்கு: கட்டணம் இல்லை. மாலை ஐந்து மணிவாக்கில் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். பின்பக்கம் அமோய் தெருச் சுவரில் குடியேறிகளின் கதை நீளமான ஓவியமாக இருக்கிறது. பசித்தால் அமோய் தெரு உணவங்காடி பக்கத்தில்தான், ஆனால் மதியம் பன்னிரண்டரைக்கு இடம் கிடைக்காது.