டேபிள் டென்னிஸ் மேசை வந்தும் டீமில் உற்சாகம் இல்லையே, ஏன்?

கேள்வி:
பன்னிரண்டு பேர் கொண்ட வாடிக்கையாளர் சேவை டீமுக்கு நான் லீட். நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி ஜிம் சந்தா, டேபிள் டென்னிஸ் மேசை, வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். முதல் மாதம் ஒரே கலகலப்பு. இப்போது மேசைமேல் பழைய மானிட்டர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்! போன வாரம் இரண்டு பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். எங்கே தப்பு?

பதில் 1:
அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். சம்பளம், வசதி, வேலைச் சூழல் சரியாக இருந்தால் கசப்பு குறையும், அவ்வளவுதான். வேலையில் பிடிப்பு வருவது பொறுப்பு, அங்கீகாரம், சாதித்த நிறைவு இவற்றால். ஒன்று கேட்கிறேன்: வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தர உங்கள் ஆட்கள் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர்:
என்னிடம்தான், சின்னத் தொகைக்கும். நான் மீட்டிங்கில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். அதுவரை போனில் திட்டு வாங்குவது அவர்கள்... ம், புரிகிறது.

பதில் 2:
டொயோட்டா ஆலைகளில் கோளாறைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் ‘ஆண்டான்’ (andon) என்கிற எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம்; தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இழுத்தவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது, சூட்சுமம் அங்கேதான். எங்கள் ஆபீசில் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் விளக்க மெயில் கேட்டார்கள். இரண்டே வாரத்தில் எல்லோரும் பழையபடி “சார், என்ன செய்யட்டும்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

பதில் 3:
அதற்காக வெள்ளிக்கிழமைச் சலுகையில் கை வைத்துவிடாதீர்கள். கொடுத்ததைப் பறித்தால் மிச்சப் பேரும் கிளம்பிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
திங்கள்கிழமை முதல் ஒரு வரம்புவரை அவர்களே முடிவெடுக்கட்டும். விளக்க மெயில் கேட்க மாட்டேன். கை துறுதுறுக்கும்தான்.