மான் வேட்டைக்காகப் பெட்டிப் பரணில் உட்கார்ந்தபோது நேர்ந்தவை: உங்கள் அனுபவம் என்ன?

லானோ வாசி (டெக்சாஸ்):

வேட்டைக்காக நாங்கள் குத்தகைக்கு எடுத்த நிலத்துப் பரண் எப்படிப்பட்டது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறடிக்கு ஆறடிப் பெட்டி, பத்தடி உயரக் கால்கள், உள்ளே தரைவிரிப்பு, சத்தமில்லாத சுழல் நாற்காலி. டிசம்பரிலும் விடாத வெக்கைக்காக நான்கு சன்னல்களையும் திறந்து வைத்திருந்தேன். மாலையில் சோளம் இறைக்கும் தீனிப்பெட்டி சுழன்று ஓய்ந்ததும், மெஸ்கீட் முட்புதர்களிலிருந்து ஒரு பெட்டை மான் வெளியே வந்து, சோளத்தை ஏறிட்டும் பாராமல் நேராகப் பரணை நோக்கி நடந்தது. காற்று என் முகத்தில்தான் வீசியது, என் வாடை அதற்கு எட்டியிருக்காது. நான் அசையவும் இல்லை. அது நின்று, முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தது. மேயப் போவதுபோல் தலையைத் தாழ்த்தி, சட்டென்று நிமிர்ந்து மறுபடியும் என்னையே பார்த்தது. பிறகு மூக்கால் பலமாகச் சீறி, வாலின் வெண்மை தெரியத் துள்ளி ஓடிவிட்டது. அதன் பின்னால் வந்துகொண்டிருந்த ஆண் மானின் கொம்பு நுனிகள் மட்டும் புதருக்கு மேலே ஒரு கணம் தெரிந்து மறைந்தன. எது என்னைக் காட்டிக்கொடுத்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

வடக்கத்தியான் (விஸ்கான்சின்):

நான்கு சன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா, ஐயா? மாலை வெயில் பின் சன்னல் வழியே நுழைந்து முன் சன்னல் வழியே வெளியேறும்போது, நடுவில் உட்கார்ந்திருப்பவரின் தலையும் தோளும் கீழே நிற்கும் மானுக்குத் தெளிவாகத் தெரியும். நாம் அணியும் வேட்டை உடையின் ஆரஞ்சு நிறம் மானுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆனால் நிழலுருவத்தையும் சிறு அசைவையும் அது தவறவிடாது. பின்பக்கச் சன்னல்களை மூடிவிட்டு உட்புறம் முழுவதும் மங்கலான கறுப்பு வண்ணம் பூசுங்கள்.

என்னை உறுத்துவது வேறு. நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும் எங்கள் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால், என் மைத்துனர் தம் பரணின் சுவர்களில் நுரைப்பலகை பதித்து, கதவு இடுக்குகளைக்கூடப் பட்டை ஒட்டி அடைத்து, ஒரு சிறு புரோப்பேன் வாயு ஹீட்டரையும் வைத்திருந்தார். எட்டு முனைக் கொம்போடு ஓர் ஆண் மான் ஓக் மரங்களுக்கு நடுவே வந்து நின்றது. அவர் ரைஃபிளைச் சன்னலில் சாய்த்த நேரத்தில், நான் கையோடு கொண்டுபோயிருந்த கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. முகம் வெளிறி, கண்கள் சொருகியிருந்த நிலையிலும், "மச்சான், அதை முதலில் அணைத்துத் தொலையுங்கள்" என்றுதான் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் கதவை எட்டி உதைத்துத் திறந்தேன், மான் போய்விட்டது. இன்றும் குடும்ப விருந்துகளில் அந்த மானைத்தான் அவர் நினைவுகூர்கிறார். கருவியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பழைய தச்சன் (ஓக்லஹோமா):

செப்டம்பரில் கதவைத் திறந்ததும் கூரை மூலையிலிருந்த செங்குளவிக் கூடு கலைந்து, ஏணியின் பாதியிலிருந்து நான் குதிக்க நேர்ந்தது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதிய இருவரும் கட்டுமானத்தைத் தொடவே இல்லை என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தரைவிரிப்பு சத்தத்தை விழுங்கும் என்பது உண்மையே. ஆயினும் அது ஈரத்தைப் பிடித்துவைத்து எலிக்கு மெத்தையாகிவிடுவதால், கழற்றி உதறக்கூடிய ரப்பர் பாய்களே மேல். சன்னலின் உயரத்தைப் பிறர் வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். உட்காரப்போகும் நாற்காலியைத் தரைப்பலகையில் போட்டு, வெற்றுத் துப்பாக்கியை முட்டுக்கொடுத்துப் பிடித்துப் பார்த்து, முழங்கை எங்கே நிற்கிறதோ அங்கே அடிச்சட்டத்தைக் குறித்துக்கொண்ட பிறகே ஒட்டுப்பலகையை அறுக்க வேண்டும். பக்கவாட்டில் நகரும் கண்ணாடி பனியில் உறைந்து கிறீச்சிடும் என்பதால், மேலே கீல் வைத்து உட்புறமாகத் தூக்கி மாட்டும் பலகையையே நான் பரிந்துரைப்பேன். கதவு, மான் வரும் திசைக்கு எதிர்ப்புறத்தில் இருக்கட்டும். பதப்படுத்திய மரத்தின் வாடையும் புது வண்ணத்தின் வாடையும் அடங்குவதற்கும், மான்கள் அந்த உருவத்துக்குப் பழகுவதற்கும் கோடையிலேயே கட்டி முடித்துவிட வேண்டும். எங்கள் சமவெளிக் காற்றில் கட்டி நிறுத்தாத பெட்டி குப்புற விழும். நான்கு மூலைகளிலிருந்தும் இரும்புக் கம்பிவடத்தை இழுத்து, மண்ணுக்குள் திருகிய நங்கூரங்களோடு பிணைத்துவிடுங்கள். ஏணியில் ஏறும்போது துப்பாக்கி கையில் இருக்கவே கூடாது. தோட்டாக்களை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டி, மேலே போன பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்கவில்லை என்று தெரியும்; ஆனாலும் கோணலாக நிற்கும் பரண்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிற்று.

வில்லாளி (மிச்சிகன், அப்பர் பெனின்சுலா):

தச்சன் ஐயாவின் அளவுகள் யாவும் துப்பாக்கிக்கானவை என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டும். வில்லுக்குக் குறுக்குச் சன்னல் உதவாது. மூலைகளில் நெட்டுக்குத்தாக, உயரமும் ஒடுக்கமுமான திறப்பு வேண்டும். வடக்கத்தியான் அண்ணன் நிழலுருவத்தையே காரணமாக்குவதும் முழுமையாகாது: பொழுது சாயும்போது குளிர்ந்த காற்று தாழ்ந்து சரிவை நோக்கி இறங்கும். முகத்தில் மெல்லிய காற்று படும்போதுகூட, பத்தடி உயரத்துப் பெட்டியிலிருந்து நம் வாடை தரையில் பரவக்கூடும்.

என் பரணைக் கட்டியவர் என் கணவர். அளவெடுத்ததும் அவருடைய ரைஃபிளுக்குத்தான். கைவிடப்பட்ட பழைய ஆப்பிள் மரத்தடியில், இருபது கஜத் தொலைவில், ஓர் ஆண் மான் பக்கவாட்டில் நின்று உதிர்ந்த பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அதன் தாடையோரம் வழிந்த சாறுகூடத் தெரிந்தது. நாணை முழுதாக இழுத்துக் குறிபார்த்து அம்பை எய்தேன். வில்லின் மேல்நுனி சன்னலின் மேல்சட்டத்தில் டக்கென்று மோத, அம்பு பாதி வழியிலேயே மண்ணில் குத்திட்டு நின்றது. மான் இரண்டு துள்ளல் துள்ளி, திரும்பிப் பார்த்து, மறுபடியும் வந்து அதே பழத்தைத் தின்று முடித்தது. என் கைகள் நடுங்கியதில் அடுத்த அம்பைத் தொடுக்கவே முடியவில்லை.

அவர் அந்தச் சட்டத்தை அறுத்து உயர்த்தியபோது நவம்பர் 14 ஆகியிருந்தது. மறுநாள் எங்கள் மாநிலத்தில் துப்பாக்கிப் பருவம் தொடங்கிவிட, எனக்காக உயர்த்திய சன்னல் வழியே முதல் மானைச் சுட்டு வீழ்த்தியவரும் அவரேதான்.