பாட்டில் படித்தது, வாழ்வில் பட்டது

காதலைப் பற்றிப் புலவர் ஒருவர் எழுதியது உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது கண்ணெதிரே வந்து நின்றிருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம். காதலைப் பாடும் அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நானே தொடங்குகிறேன்.

கல்லூரியில் எங்களுக்குக் குறுந்தொகை பாடம். 'நிலத்தினும் பெரிதே' என்று தொடங்கும் மூன்றாம் பாட்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். காதல் என்றால் நிலம், வானம், கடல் என்று அந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அப்போதைய எண்ணம். அதனால் 167ஆம் பாட்டை நடத்தியபோது ஏமாற்றமாக இருந்தது. புதிதாகக் குடித்தனம் வந்த பெண். கட்டித் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரல் பட்ட சேலையை மாற்றாமலே நிற்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அவள் வைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்கிறான், அவள் முகம் நுட்பமாக மகிழ்கிறது. ஆறே அடி. இதில் காதல் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த தோழியிடம் கேட்டேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அப்பா சமையலுக்கு வந்தார். அதுவரை அவர் அடுப்பைப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. விடுமுறைக்குப் போயிருந்தபோது ஒருநாள் மதியம் அறை வாசலில் நின்று பார்த்தேன். சட்டை முன்பக்கமெல்லாம் மஞ்சள் கறை, கண் சிவந்திருந்தது. அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டினார். அம்மாவுக்குப் பேச்சு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. மென்று, விழுங்கி, நேரம் எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றார். அப்பா சிரிக்கவில்லை. நெற்றிச் சுருக்கம் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

அன்று இரவே அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அந்தப் பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்வது கணவனும் இல்லை, மனைவியும் இல்லை. மகள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்றவளிடம் சொல்கிறாள். தங்களை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது.

* * *

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்துபோய்விட்டு வந்தேன்.

என்னுடையது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, 'யாயும் ஞாயும் யாரா கியரோ'. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தோம். இந்தக் காலத்தில் பாதிப் பத்திரிகையில் அதுதான் இருக்கிறது என்று நண்பன் சொன்னான். எனக்கு அது அலங்காரம் இல்லை. உன் தாயும் என் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு என்று கேட்டு, செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிகிற பாட்டு அது. எங்கள் கல்யாணத்துக்கு அந்த இரண்டு தாயும் வரவில்லை, இரண்டு தந்தையும் வரவில்லை. சாதி வேறு. பதிவாளர் எதிரில் கையெழுத்துப் போட்டபோது 'பெற்றோர் பெயர்' என்ற இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. நான்கு பேரின் பெயரும் ஒரே தாளில் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சேர்ந்து வந்தது.

பிறகு ஒருநாள் மனைவி கேட்டாள்: "செம்மண்ணுல விழுந்த தண்ணி மாதிரின்னு சொல்றீங்களே, மழை நின்னா தண்ணி தெளிஞ்சிடாதா? மண்ணு கீழ போயிடாதா?" எனக்குப் பதில் வரவில்லை. உரையை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாட்டு கொண்டாட்டத்தில் சொன்னதே இல்லை. முதல் கூடலுக்குப் பிறகு, இவன் விட்டுப் போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொல்வது அது. இத்தனை வருடம் அவன் சொன்னதை மட்டும் படித்திருக்கிறேன். எதிரில் பயந்துபோய் ஒருத்தி நிற்கிறாள் என்பதைக் கவனிக்கவே இல்லை. என் மனைவி கேட்டதும் அதே பயத்தில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வெகுநேரம் பேசினோம், அவள் வீட்டைப் பற்றி. அதுவரை பேசாமல் தள்ளிப் போட்டதெல்லாம்.

பாட்டை எழுதியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம்.

* * *

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் படித்த பள்ளியில் காமத்துப்பாலைத் தொடவே மாட்டார்கள். 25 அதிகாரம், 250 குறள், அப்படியே தாண்டிப் போவார்கள். நானாகத்தான் பிறகு படித்தேன். புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் வருகிற தும்மல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். உடனே, யாரோ நினைத்ததால்தானே தும்மினீர், யார் அவள் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். அதற்கும் அழுகை, எனக்குத் தெரியாமல் மறைக்கிறீரா என்று.

என் மனைவி அப்படித்தான். இப்போது அவள் இல்லை. போன மாதம் சளி பிடித்துத் தொடர்ந்து தும்மிக்கொண்டிருந்தேன். கேட்க யாரும் இல்லை. இதற்கு மேல் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

* * *

ஐயா, உங்கள் வரிகளுக்குக் கீழே என்னுடையதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். புலவர்கள் காதலின் இனிமையை மட்டும் எழுதவில்லை.

குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. யோசித்துப் பார்த்து, குருகு என்ற நீர்ப்பறவை ஒன்று இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற மெல்லிய கால்கள் அதற்கு. அதுவும் அவர்களைப் பார்க்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் விஷயம் யாருக்கும் தெரியாது. வேலை நிலையாகட்டும், வீட்டில் நானே சொல்கிறேன் என்றார் அவர். மூன்று வருடம் போயிற்று. கடைசியில், "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார். குறுஞ்செய்திகளை அவர் சொல்லித்தான் அழித்திருந்தேன். அன்றிரவு, யாருக்காவது தெரியுமா, யாராவது பார்த்தார்களா என்று ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்தேன். நூலகத்தில் எதிர் மேசையில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான். அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் அங்கேதான் இருந்தான். தலை நிமிரவே இல்லை.

அந்தப் பாட்டை மேடையில் அழகான இயற்கை வருணனை என்று ஒருவர் பாராட்டிப் பேசியதைக் கேட்டேன். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தக் குருகு அழகுக்காக வரவில்லை. அவளுக்கு வேறு சாட்சி இல்லை, அதனால் வருகிறது. ஊடலைப் பாடும் மருதத்திணைப் பாட்டுகளும் எனக்கு அப்படித்தான். தலைவன் பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பி வருவான், தோழியைத் தூதாக அனுப்புவான், தலைவி ஊடி ஊடிக் கடைசியில் ஏற்றுக்கொள்வாள். சொல்லழகில் குறை இல்லை. ஆனால் அந்த ஊடலை இன்பம் என்று என்னால் படிக்க முடியவில்லை.

* * *

தங்கச்சி, வெள்ளிவீதியார் பாட்டு ஒன்று இருக்கிறது, குறுந்தொகை 58. அதையும் படித்துப் பாருங்கள். எழுதியது பெண், ஆனால் பேசுவது ஆண். நீங்கள் சொன்ன கபிலர் பாட்டுக்கு நேர் எதிர்.

இருபத்து மூன்று வயதில் விடுதி அறையில் நான்கைந்து பேர் சேர்ந்து என்னைத் திட்டித் தீர்த்தார்கள். சாப்பிடு, வேலைக்குப் போ, அவளை மறந்து தொலை. எல்லாம் அக்கறைதான். அந்தப் பாட்டும் அப்படி இடித்துப் பேசும் நண்பர்களிடம் சொல்வதுதான். இதை நிறுத்த முடிந்தால் நல்லதுதான் என்று அவனும் ஒப்புக்கொள்கிறான். பிறகு சொல்கிறான்: வெயில் காய்கிற பாறையில் வெண்ணெய் உருண்டை. காவலுக்கு இருப்பவனுக்குக் கை இல்லை, பேச்சும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அது உருகிப் பரவுகிறது.

நண்பர்களுக்கு நான் சொல்ல நினைத்தது முழுவதும் அதில் இருந்தது. வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு யாரும் திட்டவில்லை. ஒருவன் மட்டும் பக்கத்துக் கட்டிலில் படுக்காமல் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தான், ஒரு வாரம் போல.

* * *

தொடங்கிய நான் மறுபடி வருகிறேன். வெள்ளிவீதியார் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அகப்பாட்டில் பெயர் வரக்கூடாது என்று மேலே எழுதினேன். ஆனால் அகநானூறு 147இல் ஔவையார் அவர் பெயரைச் சொல்கிறார். பிரிந்தவனைத் தேடிப் புறப்படத் துடிக்கும் பெண், வெள்ளிவீதியைப் போல நானும் போகத் துணிந்தேன் என்கிறாள். பாட்டின் தலைவியாக வரவில்லை, உவமையாக வருகிறார், அதனால் விதி மீறவில்லை. ஒரு பெண் பட்ட துயரத்தை இன்னொரு பெண் புலவர் பெயரோடு எழுதி வைத்துவிட்டார்.

குருகு பாட்டை எழுதிய தங்கைக்கு இதைச் சொல்லத் தோன்றியது. மூன்று வருடத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை என்றீர்கள். இன்றைக்கு நாங்கள் படித்திருக்கிறோம்.