சர்வேயில் அம்மாவுக்கு வேலை இல்லை என்று எழுதிவிட்டார்கள். இது சரியா?

வியாசர்பாடி வாசகி:
போன வாரம் எங்கள் வீட்டுக்குத் தொழிலாளர் சர்வே எடுக்க ஒருவர் டேப்லெட்டோடு வந்தாராம். நான் ஆபீஸில். அம்மா உள்ளே புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாசலில் நின்று பதில் சொன்னது தம்பி. “அம்மா வேலைக்குப் போறாங்களா?” “இல்ல சார், வீட்ல சும்மாதான் இருக்காங்க.” அவ்வளவுதான், எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. பல வருஷமாக ஒரு துணிக்கடைக்கு ஃபால்ஸ் அடித்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறார். கல்யாண சீசனில் ராத்திரி பதினோரு மணிக்கும் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஊசி கோப்பார். என் காலேஜ் ஃபீஸில் பாதி அந்தக் குஞ்சத்தில் வந்ததுதான். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் பெரியவர்:
வணக்கம்மா. வடசென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கி சர்வே எடுத்தவன் நான். உங்கள் அம்மா கட்டாயம் கணக்கில் வர வேண்டியவர். 2017-ல் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். என்கிற மத்திய அரசின் தொழிலாளர் சர்வேயில் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, கடந்த 365 நாளில் பெரும்பாலும் என்ன செய்தார் என்பது. வீட்டுவேலைதான் அதிகம் என்றாலும், கூடவே 30 நாளாவது ஒரு தொழில் செய்திருந்தால் துணைத் தொழிலாகச் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தாரா என்பது. இரண்டிலும் உங்கள் அம்மா வருவார்.

விட்டுப்போவது கேட்கிற விதத்தால்தான். வேலைக்குப் போறீங்களா என்றால் கம்பெனிக்கோ கடைக்கோ போவதைத்தான் நம் ஜனங்கள் நினைப்பார்கள். அதனால் நான் வாசலிலேயே கண்ணை ஓட்டுவேன். ‘இங்கு மாவு கிடைக்கும்’ என்று அட்டை தொங்கும், இல்லை கொடியில் ஹூக் வைக்காத பிளவுஸ் நாலைந்து கிடக்கும். “இது யாரு தைக்கிறது? ஒண்ணுக்கு எவ்வளவு தர்றாங்க?” என்று ஆரம்பித்தால் போதும், மளமளவென்று சொல்வார்கள். புருஷனோ பிள்ளையோ பதில் சொல்கிற வீட்டில் 92 சுலபமாக விழுந்துவிடும். வீட்டுவேலை மட்டும் செய்பவர் என்பதற்கான குறியீடு அது. அதோடு தன் வீட்டுக்கே தைத்துக்கொண்டால் 93, அதுவும் உழைப்பாளர் கணக்கில் வராது. கடைக்குத் தைத்துக் காசு வாங்கினால் 11, சுயதொழில்.

பொருளியல் மாணவி, திருவான்மியூர்:
அம்மாவைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் உழைக்கும் பெண்களின் சதவீதம் ஏறியதை மட்டும் பார்த்து என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. நாடு முழுக்க 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் உழைப்பாளர் பங்கு, அதாவது வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து, 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7. நகரங்களை மட்டும் எடுத்தால் 28தான். வேலை செய்வதாகக் கணக்கில் வந்த பெண்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பவர்கள். கையில் காசு வருகிறவரையும் வராதவரையும் ஒரே எண்ணில் போட்டுவிட்டு வளர்ச்சி என்றால் எப்படி?

அப்புறம் சமையல், துணி, பாத்திரம். 2024 நேரப் பயன்பாட்டு சர்வேப்படி வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88. அந்த 289 நிமிடத்துக்கு 41.7-ல் இடமே இல்லை. இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வியாசர்பாடி வாசகி:
தம்பியைப் பிடித்துக் கேட்டேன். அம்மா சம்பாதிக்கிறார் என்று சொன்னால் மாதம் வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமோ என்று பயந்தானாம்.

பெரம்பூர் பெரியவர்:
அந்தப் பயம் நிறைய வீட்டில் உண்டு, பையனைத் திட்டாதீர்கள். 2008-ம் வருஷத்துப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி சர்வேயில் சொல்வதைப் புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். வந்தது பி.எல்.எஃப்.எஸ். என்றால் இன்னும் வாய்ப்பு இருக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து நான்கு மாதம் வருகிறார்கள், கடந்த 7 நாள் கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். அடுத்த தடவை அம்மாவையே பேசவிடுங்கள். கடையில் எழுதித் தரும் துண்டுச்சீட்டு இருந்தால் எடுத்து வையுங்கள், அந்த வாரம் எத்தனை புடவை என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.